நாதி

இந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.
காலை ஆறு மணிக்குத் தறிகள் ஓடத் தொடங்கினால்
"சாப்டியா" என்பதுகூடச் சண்டை மாதிரிதான் வரும்.
வந்தவாசியிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில்
மாமியார் என்னைத் திட்டுகிறாள் என்றே நினைத்தேன், ஒரு மாதம்.
உப்பு கேட்டிருக்கிறாள்.

பள்ளிப்பட்டைத் தாண்டி நகரிக்குப் போகிற ரோட்டில்
எங்கள் அங்கன்வாடி. பதினேழு பிள்ளைகள்.
பதினெட்டாவதாக ஆனி மாதம் வந்தாள் லாஸ்யா.
எல்லைக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டிய அப்பன்
இந்தப் பக்கம் தறிக்கு வந்தான்.
வயது மூன்றும் ஒரு மாதமும்.
எடை பதினொன்று புள்ளி நாலு.
முதல் வாரத்தில் நாலு கடி.

ஐந்தாவது விழுந்தது தர்னீஷின் முன்கையில்,
ரப்பர் ஸ்டாம்ப் வைத்தது போல்.
எல்லாம் ஒரு மஞ்சள் கோனுக்காக.
நூல் தீர்ந்ததும் தறிக்காரர்கள் வீசுவது.
நெஞ்சோடு அதை அணைத்துக்கொண்டு கத்தினாள்:
நாதி! நாதி! நாதி!

எனக்கு வயிறு கலங்கியது.
யாருமற்றுப் போனவர்களைச் சொல்லும்போது மட்டும்,
அதுவும் "இல்லை" என்பதோடு ஒட்டியே
எங்கள் ஊரில் புழங்கும் சொல்.
மூன்று வயதில் யார் கொடுத்தார்கள் இவளுக்கு?

சுண்டல் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள் நவநீதம்.
"டீச்சர், தெலுங்குல நாதின்னா என்னுது.
நீதின்னா உன்னுது."
நம்மளுதுக்கு?
"அதுக்கு ரெண்டு இருக்கு.
உன்னைச் சேர்க்காம ஒண்ணு, சேர்த்து ஒண்ணு.
அதெல்லாம் அப்புறம்.
இவளுக்கு இன்னும் நீதியே வரல."

சூப்பர்வைசர் கேட்ட படிவத்தில் ஒரு கேள்வி:
பிற குழந்தை அழுதால் கவனிக்கிறதா?
இல்லை என்று டிக் அடித்தேன்.
அழுகிற தர்னீஷுக்கு முதுகைக் காட்டி
அவள் கோனை ஊதிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
ஒரு தறி நிற்பது வேறு,
தெருவே நிற்பது வேறு.
குழாய் சொட்டுவது கேட்டது. என் வளையல் கேட்டது.
எனக்கு அப்பாடா என்றிருந்தது.
தர்னீஷ் வீறிட்டான்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அம்மாவின் தறி.
அதன் பக்கத்திலேயே தூளி கட்டி வளர்த்தவள்.
சத்தம் இருந்தால் அம்மா இருக்கிறாள்.
தோளில் போட்டுத் தட்டினேன், பிஸ்கட் நீட்டினேன்,
"அம்மா இங்கதான்டா இருக்கா" என்றேன்.
சத்தமில்லாத அம்மாவை அவன் நம்பவில்லை.

லாஸ்யா எழுந்து வந்தாள்.
கடிக்கத்தான் என்று கையை நீட்டித் தடுத்தேன்.
கைக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.
கோனின் அகன்ற வாயை அவன் காதில் வைத்து
கூர்முனையில் உதட்டை வைத்து

டக்கட டக்கட டக்கட டக்கட

தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை.
எச்சில் தெறித்தது.
மூச்சு வாங்க நிறுத்தினாள், அவன் உதடு பிதுங்கியது,
மறுபடி தொடங்கினாள்.
வந்த அன்று இந்தச் சத்தத்துக்குத்தான்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
படியிலேயே உட்கார்ந்திருந்தாள், மதியம் வரை.

டக்கட டக்கட

அவன் விக்கலோடு அடங்கினான்.
மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.
நான் நீட்டிய பிஸ்கட் என் கையிலேயே நமுத்தது.

கரண்ட் வந்தது. தெரு மொத்தமும் தடதடத்தது.
அவன் கோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
அவள் அவனைப் பார்த்தாள். கோனைப் பார்த்தாள்.
நவநீதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.
கொஞ்ச நேரம்.
பிறகு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு
நாதி, என்றாள்.
கடிக்கவில்லை.

படிவம் புதன்கிழமையே ஆபீசுக்குப் போய்விட்டது.
டிக் பால்பாயிண்டில் போட்டது வேறு.
சுண்டல் ஆறுது டீச்சர், என்று கத்தினாள் நவநீதம்.
வர்றேன், என்று நானும்
கத்தினேன்.